ஆனையிறவைத் தாண்டாத மருந்து: தொற்றுக்காலத்து உதவி நிதி யாரிடம் போய்ச் சேர்ந்தது?

2020 ஏப்ரல் முதல் வாரம். லண்டனில் இருக்கும் என் பள்ளித் தோழன் அனுப்பிய பணம் கிளிநொச்சியில் எனது வங்கிக் கணக்கில் கிடந்தது. அந்தப் பணத்தில் வாங்க வேண்டிய பொருள் யாழ்ப்பாண நகரில் ஒரு பாமசியில் இருந்தது. அதைப் பெற வேண்டியவர் ஆனையிறவுக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தள்ளி ஒரு சிறிய வீட்டில் படுக்கையில் இருந்தார். வழமையான நாளில் மோட்டார் சைக்கிளில் போய் வர அரை நாள் போதும். அந்த நாட்களில் வீதி மூடிக் கிடந்தது.

அவருக்குத் தேவைப்பட்டது கதீற்றர் எனப்படும் சிறுநீர்க் குழாயும் யூரின் பையும். 2009 இல் எறிகணைச் சிதறல் முள்ளந்தண்டில் பாய்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவர் அவர். "தம்பி, காசு வந்திட்டுது எண்டு சொன்னனீர். குழாய் எப்ப வரும்?" என்று தொலைபேசியில் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நாடு முழுவதும் மார்ச் 20 மாலை ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. கிளிநொச்சியில் இடையிடையே அது தளர்த்தப்பட்டது. யாழ்ப்பாணமோ கொழும்பு, கம்பகா, களுத்துறை, புத்தளம், கண்டி ஆகியவற்றுடன் அதிக ஆபத்துள்ள மாவட்டமாக அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 20 வரை முடங்கியிருந்தது. கடை திறந்த பக்கத்தில் பொருள் இல்லை. பொருள் இருந்த பக்கத்தில் கடை திறக்கவில்லை.

வன்னியில் போரினால் காயப்பட்ட சிலருக்கு மருத்துவப் பொருட்கள் வாங்கிக் கொடுக்கும் வேலையை நான் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அமைப்பு எதுவும் இல்லை. ஒரு கொப்பி, ஒரு வங்கிக் கணக்கு, தெரிந்த நான்கைந்து பேர், அவ்வளவுதான். தொற்றுக்காலத்தில் மருத்துவ உதவிக்கான நிதி எந்தெந்த வழிகளில் வந்தது, எமது நோயாளர்களில் ஒரு பகுதியினரை அது ஏன் தொடாமல் போனது, அடுத்த பேரிடருக்கு முன் நாம் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

பணம் வந்த மூன்று வழிகள்

முதலாவது, அரசின் வழி. 2020 மார்ச் 23 அன்று கொவிட்-19 சுகாதார மற்றும் சமூகப் பாதுகாப்பு நிதியம் அமைக்கப்பட்டது. ஜனாதிபதி நிதியத்திலிருந்து 100 மில்லியன் ரூபாய் அதற்கு முதலில் இடப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் உலக வங்கி 128.6 மில்லியன் டொலரை இலங்கையின் அவசர சுகாதாரப் பணிக்கு அங்கீகரித்தது. 2021 ஜனவரி 28 இல் இந்தியா 5 இலட்சம் தடுப்பூசிகளை நன்கொடையாக அனுப்பியது. அதே ஆண்டு ஓகஸ்டில், வைத்தியசாலைகளில் மூச்சுத் திணறலுடன் நோயாளர் நிறைந்திருந்தபோது, இந்தியக் கடற்படையின் கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் ஒட்சிசனைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது.

இரண்டாவது, உலகப் பொதுநிதி. உலக சுகாதார நிறுவனத்துக்காக 2020 மார்ச் 13 இல் தொடங்கப்பட்ட கொவிட் ஒருமைப்பாட்டு நிதிக்கு 6 இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்களித்தனர். சேர்ந்த தொகை 200 மில்லியன் டொலரைத் தாண்டியது. மார்ச் 25 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏழை நாடுகளுக்கென 2 பில்லியன் டொலர் கேட்டு ஒரு வேண்டுகோளை வெளியிட்டது. ஆண்டு முடிவதற்குள் அந்தத் தேவை 9 பில்லியனைத் தாண்டியது. கிடைத்தது அதில் பாதிகூட இல்லை.

மூன்றாவது வழி எம்முடையது. புலம்பெயர்ந்த உறவுகள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஆலயங்கள் எல்லாம் அனுப்பின. பிரித்தானியாவில் மியோட் என்றும் அமெரிக்காவில் ஐ.எம்.எச்.ஓ. என்றும் அறியப்படும், தமிழ் மருத்துவர்கள் தொடங்கிய அறக்கட்டளைகள் தொற்றுக்கு முன்பிருந்தே வடக்குக் கிழக்கின் வைத்தியசாலைகளோடு வேலை செய்து வந்தவை. ஆனால் வன்னிக் கிராமத்தில் ஒரு வீட்டின் கதவைத் தட்டியது பெரும்பாலும் உலருணவுப் பொதிதான். அரிசி, மா, பருப்பு, சீனி, தேயிலை, அதோடு ஒரு முகக்கவசம். நாட்கூலிக்குப் போகிறவர் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தப் பொதியால்தான். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

மூன்று வழிகளிலும் வந்த பணத்துக்கு ஒரு பொது இயல்பு இருந்தது. அது புதிய நோயைப் பார்த்து வந்த பணம். பரிசோதனைக்கும் கட்டிலுக்கும் ஒட்சிசனுக்கும் தடுப்பூசிக்கும் வந்தது, இல்லையேல் பசிக்கு வந்தது. ஏற்கெனவே நோயோடும் காயத்தோடும் இருந்தவரின் மாதாந்தத் தேவை எந்தத் தலைப்பிலும் இருக்கவில்லை.

எமது காயக்காரரின் தேவை எப்படிப்பட்டது?

முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்ட பலருக்குச் சிறுநீர் தானாக வெளியேறாது. குழாய் மூலமே எடுக்க வேண்டும். உள்ளே விட்டு வைக்கும் குழாயைக் குறித்த கால இடைவெளியில் மாற்றியே ஆக வேண்டும். நாட்கள் தள்ளிப்போனால் குழாயில் படிவு கட்டும், கிருமி பெருகும், அடைப்பு வரும். அடைபட்ட சிறுநீர் மேலே திரும்பிச் சிறுநீரகத்தைத் தாக்கும். முள்ளந்தண்டின் மேற்பகுதியில் காயப்பட்டவருக்கு அந்த அடைப்பு இரத்த அழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றி உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும்.

அடுத்தது படுக்கைப் புண். உணர்வில்லாத உடலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். புண் வந்துவிட்டால் நாள்தோறும் சுத்தம் செய்து மருந்து கட்ட வேண்டும். பஞ்சும் துணியும் சேலைனும் தீர்ந்தால் புண் எலும்பு வரை போகும்.

கை கால் இழந்தவரின் செயற்கை அவயவம் தேய்ந்தால் மாற்ற வேண்டும். புற்றுநோயாளருக்குத் தெல்லிப்பழைக்குப் போக வாகனம் வேண்டும். நீரிழிவுக்காரருக்கு இன்சுலினும் அதை வைக்கக் குளிரூட்டியும் வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் பெரிய தொகை தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் தேவை. ஒரு தடவை கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போகக்கூடிய உதவியல்ல.

அந்த ஏப்ரலில், கடமைக்காக ஊரடங்கு அனுமதியுடன் பயணம் செய்த சுகாதாரப் பணியாளர் ஒருவர் தன் பையில் குழாய்களை வைத்து ஆனையிறவைக் கடந்து கொண்டுவந்தார். நான் கேட்ட நாளிலிருந்து 12 நாட்கள் ஆகியிருந்தன. மாற்ற வேண்டிய குழாயோடு அந்த 12 நாட்களையும் கழித்த அண்ணைக்கு அதற்குள் காய்ச்சல் தொடங்கியிருந்தது.

தலைப்பு எழுதப்பட்ட பணம்

நன்கொடை உலகில் பணம் இரண்டு வகை. ஒன்று, கொடுப்பவர் "இதற்கு மட்டும்" என்று சொல்லிக் கொடுப்பது. மற்றது, தேவை எதுவோ அதற்குச் செலவிடுங்கள் என்று கொடுப்பது. முதல் வகைப் பணத்தை வேறு தேவைக்கு எடுப்பது நம்பிக்கைத் துரோகம், பல நாடுகளில் சட்ட மீறலும்கூட. அதனால் ஒரு தலைப்பில் பணம் நிரம்பி வழியும்போதே பக்கத்துத் தலைப்பு வெறுமையாகக் கிடக்கும்.

இதற்கு நாம் நேரில் கண்ட உதாரணம் ஆழிப்பேரலை. 2004 டிசெம்பர் 26 க்குப் பின் உலகம் அள்ளிக் கொடுத்தது. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு ஒரு வாரம் கழிந்ததும், ஆழிப்பேரலைக்கென இனிப் பணம் அனுப்ப வேண்டாம், எமது மருத்துவப் பணிக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்று அறிவித்தது. உதவி அமைப்பொன்று இப்படிச் சொல்வதா என்று பலர் கோபப்பட்டனர். பின்னர் அந்த அமைப்பு கொடையாளர்களைத் தொடர்பு கொண்டு, மிஞ்சும் பணத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டது. பெரும்பாலானோர் சம்மதித்தனர். தன் நிதியில் மிகப் பெரும்பகுதியைத் தனிமனிதர்களிடமிருந்தே பெறும் அமைப்பு அது. கொடையாளரிடம் உண்மையைச் சொன்னதால் அது நலிந்து போகவில்லை.

எமது சங்கங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகவில்லை. 2020 மேயில் ஒரு சங்கத்தினர் என்னிடம் பொதி கொடுக்கக் குடும்பங்களின் பட்டியல் கேட்டார்கள். அந்தக் கிராமத்துக்கு ஏற்கெனவே இரண்டு தடவை பொதி வந்துவிட்டது, அதே பணத்தில் ஆறு பேருக்கு ஆறு மாதத்துக்கான குழாயும் பஞ்சும் வாங்கி வைக்கலாம் என்றேன். தயங்கினார்கள். "கொரோனா நிவாரணம் எண்டு சேர்த்த காசு. உறுப்பினருக்குக் கணக்குக் காட்ட வேணும்" என்றார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பிறகு, கொடுத்தால் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். இடுப்புக்குக் கீழே துணி போர்த்திப் படுத்திருக்கும் மனிதரை யூரின் பையோடு படம் எடுக்க என்னால் முடியவில்லை. அந்தப் பணம் வரவில்லை.

வீதியும் அனுமதியும்

வன்னிக்கு வரும் உதவிக்குத் தொகையைவிட வழிதான் பெரிய கேள்வி. இதை எமக்குத் தொற்று கற்றுத்தரவில்லை.

ஆழிப்பேரலை நிவாரணத்தைப் பகிர்வதற்கான பொதுக்கட்டமைப்பு 2005 ஜூன் 24 இல் கையெழுத்தானது. ஜூலை நடுப்பகுதியில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. 2006 ஓகஸ்ட் 11 இல் முகமாலையில் சண்டை மூண்டு ஏ-9 மூடப்பட்டது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. மற்றும் தொண்டு நிறுவனங்களின் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2009 பெப்ரவரியிலிருந்து காயக்காரருக்கு இருந்த ஒரே வழி கடல். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் ஒழுங்கு செய்த கப்பலில் மே 9 வரை 13 ஆயிரத்துக்கும் அதிகமான காயக்காரரும் நோயாளரும் உடன் சென்றோரும் வெளியேற்றப்பட்டனர். எமது அண்ணையும் அப்படித்தான் ஒரு கப்பலில் ஏற்றப்பட்டவர்.

போருக்குப் பின் வீதி திறந்தது. பணத்தின் வழி முழுதாகத் திறக்கவில்லை. 2014 இல் 16 அமைப்புகளும் 424 தனிநபர்களும் வர்த்தமானி மூலம் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2015 நவம்பரில் சில அமைப்புகள் நீக்கப்பட்டன. தொற்றின் நடுவே, 2021 தொடக்கத்தில், புலம்பெயர் அமைப்புகள் பல மீண்டும் பட்டியலிடப்பட்டன. 2022 ஓகஸ்டில் 6 அமைப்புகளும் 316 தனிநபர்களும் நீக்கப்பட்டனர். பட்டியலில் இல்லாதவரையும் இந்த ஏற்ற இறக்கம் பயமுறுத்தியது. வெளிநாட்டுப் பணம் கணக்குக்கு வந்தால் யார் வந்து விசாரிப்பார்களோ என்று கிராமத்துச் சங்கப் பொருளாளர் ஒருவர் பதவியையே விட்டார்.

பயம் வந்தால் பணம் உண்டியல் வழிக்குப் போகும். அதில் பற்றுச்சீட்டு இல்லை, பின்னர் கணக்கும் இல்லை. கணக்கில்லாத இடத்தில் சந்தேகம் வளரும். இரண்டு தடவை சந்தேகப்பட்ட கொடையாளர் மூன்றாம் தடவை கொடுக்க மாட்டார்.

கணக்கில் வராத மரணம்

2021 மே நடுப்பகுதியில் முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. மே 21 முதல் ஒரு மாதம் நாடளாவிய பயணக் கட்டுப்பாடு. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கு. அந்த ஊரடங்கின்போது அண்ணைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தது. முந்தைய ஆண்டிலிருந்து அது நான்காவது தடவை. 1990 அம்புலன்ஸ் வந்து ஏற்றிப்போனது. அந்தச் சேவையும் இந்தியாவின் நன்கொடையில் தொடங்கி 2018 இல் வடக்குக்கு வந்தது. வைத்தியர்கள் தம்மால் முடிந்ததெல்லாம் செய்தார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. செப்டெம்பரில் இறந்தார்.

அவருக்குக் கொரோனா இருக்கவில்லை. பரிசோதனையில் இல்லை என்றே வந்தது. இலங்கையில் கொவிட் காவுகொண்டோர் தொகை 16 ஆயிரத்துக்கும் மேல் என்கிறது அரசின் கணக்கு. அதில் அவர் இல்லை. போரில் இறந்தவர் கணக்கிலும் இல்லை. 2020 ஏப்ரலின் அந்த 12 நாட்கள்தான் அவரைக் கொன்றன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன் அவருக்குச் சிறுநீரகத் தொற்று வந்ததில்லை. என் தவறும் இதில் இருக்கிறது. கையில் பணம் இருந்த மாதங்களிலும் நான் மாதத்துக்கு மாதம்தான் வாங்கினேன். இரண்டு பெட்டி முன்கூட்டியே வாங்கி அவர் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தால், ஆனையிறவு மூடினாலென்ன, திறந்தாலென்ன?

நின்று நிலைத்தவை

நன்கொடையால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையே 1850 இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் 'ஏழைகளின் நண்பர் சங்கம்' என்ற அறச்சங்கத்தின் வைத்தியசாலையாகத் தொடங்கியதுதான். 1907 இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. தொற்றுக்காலத்தில் வடக்கின் நோயாளரைத் தாங்கியதில் பெரும்பங்கு அதற்குண்டு.

அண்மைய உதாரணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து நிதி சேர்த்தார்கள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நடந்த அந்த 'ட்ரெயில்' நடைபயணத்தில் 20 இலட்சம் டொலருக்கும் அதிகம் சேர்ந்தது. கட்டடம் எழுந்தது, அரச வைத்தியசேவையின் பகுதியாயிற்று.

இரண்டிலும் மூன்று விடயங்கள் பொதுவானவை. எதற்கென்று முதலிலேயே தெளிவாகச் சொன்னார்கள். நாளாந்தச் செலவைத் தாங்கக்கூடிய ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். கொடுத்தவர் மறந்த பிறகும் அது இயங்கியது.

அடுத்த முறைக்கு

கொடுப்போருக்கு முதலில் சொல்வது: தலைப்பை அகலமாக வையுங்கள். "கொரோனா நிவாரணம்" என்று சேர்ப்பதற்குப் பதிலாக "தொற்றுக்காலத்து மருத்துவத் தேவைகள்" என்று அறிவித்தால் குழாயும் இன்சுலினும் வாகனச் செலவும் அதற்குள் அடங்கும். மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்பதையும் அதே அறிவித்தலில் எழுதுங்கள்.

இரண்டாவது, பதிவு செய்த அறக்கட்டளை வழியாக அனுப்புங்கள். பிரித்தானியாவில் வரி செலுத்துவோர் உரிய படிவத்தில் ஒப்பமிட்டால் 100 பவுணுக்கு மேலதிகமாக 25 பவுணை அந்நாட்டு வரித்திணைக்களம் அந்த அறக்கட்டளைக்குக் கொடுக்கும். கையில் கொடுத்தனுப்பும் பணத்துக்கு அது கிடைக்காது.

மூன்றாவது, மருந்தைப் பெட்டியில் கட்டி அனுப்பாதீர்கள். இறக்குமதிக்குத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதி வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி நன்கொடை மருந்து பெறுபவர் கேட்டதாக இருக்க வேண்டும், பொதுப்பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும், வந்து சேரும் நாளில் குறைந்தது ஓராண்டுக் காலாவதி மீதமிருக்க வேண்டும். இங்கு கிடைப்பதை இங்கேயே வாங்குவது நல்லது. கிடைக்காததை வைத்தியசாலையின் எழுத்து மூலமான பட்டியலைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

நான்காவது, படம் கேட்காதீர்கள். பற்றுச்சீட்டையும், மருந்து பெற்றவரின் ஒப்பத்தையும், தேவையானால் வைத்தியரின் துண்டையும் கேளுங்கள்.

ஊரில் வேலை செய்வோருக்கு: 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வதையோ, பதிவுள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து இயங்குவதையோ தள்ளிப்போடாதீர்கள். பேரிடர் வந்த பிறகு பதிவுக்கு ஓட நேரம் இருக்காது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் உங்கள் நோயாளர் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து வைத்தால், வீதி மூடும்போது அனுமதி கேட்க ஓர் ஆதாரம் இருக்கும். மாங்குளத்தின் 'உயிரிழை' போன்று, பாதிக்கப்பட்டவர்களே நடத்தும் அமைப்புகளிடம் கேளுங்கள். எந்தக் குழாய், எந்த அளவு என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இருப்பு. தொடர்ந்து பொருள் தேவைப்படும் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று மாதத்துக்கானது இருக்க வேண்டும். மழையும் வெயிலும் படாத ஒரு பெட்டியில், காலாவதித் திகதி வெளியே எழுதி வைக்க வேண்டும்.

அண்ணை இறந்து எட்டாம் நாள் முடிந்த பின் அவருடைய துணைவியார் என்னைக் கூப்பிட்டு ஒரு பையைத் தந்தார். பிரிக்கப்படாத குழாய்கள் ஐந்து, யூரின் பைகள் எட்டு. "இதுக்கும் ஆரோ காசு தந்தவைதானே தம்பி, வீணாக்கக் கூடாது" என்றார். கொப்பியில் அவர் பெயருக்கு நேரே திருப்பித் தந்தது என்று எழுதி, திகதி போட்டு, அவரிடம் ஒப்பம் வாங்கினேன். ஊரடங்கு எடுபட்ட பிறகு அந்தப் பையோடு ஆனையிறவைக் கடந்து போனேன். பளைப் பக்கம் ஓர் இளைஞன் அதே அளவுக் குழாய்க்காகக் காத்திருந்தான்.